லினக்ஸ் நிறுவல்: ஒரே மெஷினில் இரண்டு எல்பார், ஹைப்பர்சாக்கெட்ஸ் வழியே பிங் போகவில்லை

#1 புதுஎல்பார்

வணக்கம். மூணு நாளா ஒரே இடத்துல நிக்கிறேன். மெயின்ஃபிரேம் பக்கம் அனுபவம் உள்ளவங்க பார்த்துச் சொல்லுங்க.

புது எல்பார் (ஒரே மெயின்ஃபிரேமைப் பிரிச்சு, தனி மெஷின் மாதிரி ஓட்டுற ஒரு பகுதி) ஒண்ணுல லினக்ஸ் நிறுவணும். நிறுவல் கோப்புகள் அதே மெஷின்ல, பக்கத்து எல்பார்ல ஓடுற லினக்ஸோட வெப் சர்வர்ல இருக்கு. புது எல்பாருக்கு இன்னும் ஸ்விட்ச் பக்கம் எதுவும் ஒதுக்கலை. அதனால ஓஎஸ்ஏ கார்டு (மெயின்ஃபிரேமோட வெளி நெட்வொர்க் கார்டு) வேண்டாம், ஹைப்பர்சாக்கெட்ஸ் (மெஷினுக்குள்ளேயே எல்பார்களை இணைக்கிற நெட்வொர்க்) வழியாவே இழுத்துக்கலாம்னு முடிவு பண்ணோம்.

ஹெச்எம்சி-ல (மெஷினை நிர்வகிக்கிற கன்சோல்) லோட் கொடுத்தா கெர்னல் ஒழுங்கா ஏறுது. 7000, 7001, 7002 டிவைஸ் மூணும் சேர்ந்து இன்டர்ஃபேஸ் வந்துடுது. கெர்னல் மெசேஜ்லயும் ஹைப்பர்சாக்கெட்ஸ் கார்டுன்னு சரியாத்தான் காட்டுது. என் ஐபி 10.20.30.12, சர்வர் 10.20.30.11, ரெண்டு பக்கமும் மாஸ்க் 24. ஆனா பிங் அடிச்சா "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்". இன்ஸ்டாலர் கொஞ்ச நேரம் காத்திருந்துட்டு அவசர ஷெல்லுக்குள்ள விழுந்துடுது.

ஐபி, மாஸ்க் எல்லாம் நாலு தடவை பார்த்துட்டேன். சர்வர்ல ஃபயர்வாலை அஞ்சு நிமிஷம் நிறுத்தியும் பார்த்தேன், அப்பவும் இதே கதைதான். எஸ்எஸ்எச்-ம் இல்லை, விஎன்சி-யும் இல்லை. நெட்வொர்க் வந்தாத்தானே அது ரெண்டும் வரும்? கையில இருக்கிறது ஹெச்எம்சி-யோட மெசேஜ் விண்டோ மட்டும்தான்.

#2 சேனல்பக்கம்

ஐபி, மாஸ்க், ஃபயர்வால் மூன்றையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதலில் தெரிய வேண்டியது, இரண்டு எல்பாரும் ஒரே கம்பியில்தான் இருக்கின்றனவா என்பது.

ஹைப்பர்சாக்கெட்ஸில் கம்பி ஏது என்று கேட்கலாம். பாக்கெட் ஒரு எல்பாரின் மெமரியிலிருந்து இன்னொன்றின் மெமரிக்கு நேராக நகலாகிறது, வெளியே எதுவும் போவதில்லை. ஆனால் கம்பியின் வேலையைச் சிப்பிட் (சேனல் பாதைக்கான அடையாள எண்) செய்கிறது. ஹைப்பர்சாக்கெட்ஸுக்கான ஐக்யூடி வகைச் சிப்பிட் ஒவ்வொன்றும் ஒரு தனி லேன். எஃப்4-இல் இருப்பவருக்கு எஃப்5-இல் இருப்பவர் கண்ணில் படவே மாட்டார். சாதாரண சர்வர் அறையில் என்றால் கேபிளைத் தொட்டுப் பார்த்து எந்த ஸ்விட்சுக்குப் போகிறது என்று தெரிந்துகொள்வோம். இங்கே அந்தக் கேபிள் ஐஓசிடிஎஸ்-இல் (மெஷினின் ஐ/ஓ வரையறைக் கோப்பு) எழுதிய வரிதான்.

இரண்டு பக்கமும் 7000 என்று இருப்பதை வைத்து ஒரே லேன் என்று முடிவு கட்டாதீர்கள். பலர் தடுக்கி விழும் இடம் இது. டிவைஸ் எண் என்பது வரையறையில் யாரோ வைத்த அடையாளம், அவ்வளவுதான். ஒரே எண் ஒரு எல்பாரில் ஒரு சிப்பிட்டையும் அடுத்த எல்பாரில் வேறு சிப்பிட்டையும் காட்டும்படி வரையறுக்க முடியும். எண் வேறாக இருந்து சிப்பிட் ஒன்றாக இருந்தாலும் பேச்சு நடக்கும். ஆகவே இரண்டு பக்கமும் சிப்பிட் எண்ணைப் பாருங்கள். இரண்டு எல்பாரும் வெவ்வேறு சேனல் சப்சிஸ்டத்தில் (சிப்பிட்களின் தனித் தொகுதி) இருந்தால் எண் ஒத்துப்போவதும் போதாது. அந்தச் சிப்பிட்டை இரண்டுக்கும் பொதுவாக, ஸ்பேன் செய்து வரையறுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே எண்ணுள்ள இரண்டு தனித் தீவுகள்தான்.

சர்வரில் எல்எஸ்கெத் (இந்த நெட்வொர்க் டிவைஸ்களின் விவரம் காட்டும் கமாண்ட்) அடித்தால் எல்லாம் வரிசையாக வரும், அதை முழுதாக இங்கே போடுங்கள்.

#3 பார்ம்ஃபைல்

கூடவே பார்ம் ஃபைலில் (கெர்னல் ஏறும்போது படிக்கிற அமைப்புக் கோப்பு) இருக்கிற நெட்வொர்க் வரியையும் இங்கே போடுங்க. முதல் டிவைஸ் எண் இரட்டைப்படையா இருக்கணும், இரண்டாவது அதற்கு அடுத்த எண். உங்களுக்கு 7000, 7001 சரிதான். ஆனா இதே இழையைத் தேடி நாளைக்கு வர்றவர் 7001-இல் தொடங்கியிருப்பார், அதுக்காகச் சொல்றேன்.

டிவைஸே கண்ணில் படலைன்னா அது வேற வழக்கு. இன்ஸ்டாலர் கெர்னல் பெரும்பாலும் சிஐஓ-இக்னோர் போட்டுத்தான் ஏறும். எல்லா டிவைஸையும் மறைச்சு வெச்சிருக்கும், நாம் பெயர் சொன்னது மட்டும் வெளியே வரும். அங்கே எண்ணில் ஒரு இலக்கம் தப்பினாலும் டிவைஸ் இல்லவே இல்லாத மாதிரி தெரியும். அதுவும் சரின்னா அந்த எல்பாருக்கு அனுமதிப் பட்டியலில் இடம் இருக்கா, சிப்பிட் ஆன்லைனில் இருக்கான்னு பார்க்கணும்.

#4 புதுஎல்பார்

நன்றி. சர்வர் பக்கம் எடுக்கிறது சுலபமா இருந்துச்சு. புது எல்பார்லதான் சிரமம். அவசர ஷெல்ல எல்எஸ்கெத் கமாண்டே இல்லை. ஹெச்எம்சி மெசேஜ் விண்டோவுல ஒரு வரி அடிச்சு சென்ட் கொடுக்கணும், பதில் கீழே வரும், அப்புறம் அடுத்த வரி. அம்பு விசை கிடையாது, டேப் கிடையாது, பழைய வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. சிஸ் டைரக்டரிக்குள்ள கெத் டிரைவரோட 0.0.7000 ஃபோல்டரைத் தேடி, ஒவ்வொரு ஃபைலா திறந்து எழுதிக்கிட்டேன்.

புது எல்பார்: கார்டு வகை ஹைப்பர்சாக்கெட்ஸ், சிப்பிட் எஃப்4, ஆன்லைன் 1, லேயர்2 1.

சர்வர்: கார்டு வகை ஹைப்பர்சாக்கெட்ஸ், சிப்பிட் எஃப்4, ஆன்லைன் 1, லேயர்2 0, பஃபர் 128.

ரெண்டு எல்பாரும் சேனல் சப்சிஸ்டம் 0-லதான் இருக்கு. அப்போ கம்பி ஒண்ணுதான்னு நினைக்கிறேன். பார்ம் ஃபைல் வரி, ஏற்கெனவே ஓஎஸ்ஏ வழியா நிறுவின ஒரு எல்பாரோடது. டிவைஸ் எண்ணையும் ஐபியையும் மட்டும் மாத்தினேன்.

#5 கெத்லினக்ஸ்

நண்பரே, விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது. உங்கள் பக்கம் லேயர்2 1, சர்வர் பக்கம் 0. 1 என்றால் லேயர் 2 (மேக் முகவரியுள்ள ஈதர்நெட் ஃபிரேமாகப் பேசும் முறை), 0 என்றால் லேயர் 3 (ஐபி பாக்கெட்டாகவே பேசும் முறை).

ஓஎஸ்ஏ கார்டில் ஒருவர் லேயர் 2, இன்னொருவர் லேயர் 3 என்று இருந்தாலும் ஐபிவி4 பேச்சு நடந்துவிடும். லேயர் 3-இல் இருப்பவருக்காக ஆர்ப் கேள்விக்கு (இந்த ஐபி யாருடையது என்ற கேள்வி) கார்டே பதில் சொல்லும். ஹைப்பர்சாக்கெட்ஸ் அப்படி இல்லை. ஒரே சிப்பிட்டுக்குள்ளேயே லேயர் 2 ஒரு கூட்டம், லேயர் 3 ஒரு கூட்டம். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. கம்பி ஒன்றுதான், ஆனால் பேசும் மொழி வேறு.

உங்கள் பிழைச் செய்தியே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. லேயர் 2-இல் இருக்கும் மெஷின், 10.20.30.11 யார் என்று ஆர்ப் கேட்கிறது. யாரும் பதில் சொல்வதில்லை. சிறிது நேரம் பார்த்துவிட்டு, உங்கள் கெர்னலே "ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று கைவிரிக்கிறது. அந்தச் செய்தியின் தொடக்கத்தில் யார் ஐபி இருக்கிறது என்று பாருங்கள், உங்களுடையதாகவே இருக்கும். லேயர் 3-இல் ஆர்ப் என்பதே இல்லை. ஐபி லிங்க் அடித்தால் கோண அடைப்புக்குள் நோஆர்ப் என்ற கொடி தெரியும், அங்கே பிங் தவறினால் பெரும்பாலும் மௌனமாகத்தான் தவறும். இரண்டு அறிகுறிகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு சோதனை: ஐபி நெய்பர் அடித்துப் பாருங்கள். 10.20.30.11-க்கு நேரே ஃபெயில்ட் அல்லது இன்கம்ப்ளீட் என்று இருந்தால் நான் சொன்னது உறுதி.

பார்ம் ஃபைலில் லேயர்2=1 என்பதை 0 ஆக்கி மறுபடி லோட் கொடுங்கள்.

#6 லேயர்இரண்டு

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மாற்ற வேண்டியது பழைய சர்வரை. லேயர் 2 என்றால் மேக் முகவரி இருக்கும், டிஹெச்சிபி சிக்கலில்லாமல் வேலை செய்யும், டிசிபிடம்ப்பில் முழு ஃபிரேம் கிடைக்கும், பிரிட்ஜ் போடலாம். லேயர் 3-இல் ஒவ்வொரு ஐபியையும் அடாப்டரிடம் பதிவு செய்தாக வேண்டும். புதிதாக நிறுவுகிற ஒன்றைப் பழைய முறைக்கு இழுத்துக்கொண்டு போவது ஏன்? இன்று தப்பித்துவிடலாம், அடுத்த எல்பார் வரும்போது இதே கேள்வி மறுபடி வரும்.

#7 கெத்லினக்ஸ்

நீங்கள் சொல்லும் நன்மைகள் எல்லாம் உண்மை. வெறும் லினக்ஸ் எல்பார்கள் மட்டுமே உள்ள சிப்பிட் என்றால் நானும் லேயர் 2-தான் சொல்வேன். ஆனால் சர்வரைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று கேட்டாக வேண்டும்: அந்த எஃப்4-இல் இசட்/ஓஎஸ் (மெயின்ஃபிரேமின் சொந்த இயங்குதளம்) இருக்கிறதா? வழக்கமான முறையில் ஹைப்பர்சாக்கெட்ஸ் வைத்திருக்கும் இசட்/ஓஎஸ் லேயர் 3-இல்தான் பேசும். லேயர் 2 பேசும் கன்வெர்ஜ்ட் இன்டர்ஃபேஸ் இசட்/ஓஎஸ் 2.3-இல் வந்தது உண்மைதான், ஆனால் பழைய அமைப்பு தானாக அதற்கு மாறிவிடாது. சர்வரை லேயர் 2 ஆக்கினால் புது எல்பாருக்கு வழி திறக்கும், அதே நொடியில் இசட்/ஓஎஸ்-உடன் இருந்த இணைப்பு அறுந்துவிடும். உற்பத்தியில் ஓடும் ஒன்றை, நிறுவல் முடியாத ஒன்றுக்காகக் கலைக்கக் கூடாது. இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

#8 புதுஎல்பார்

கேட்டதுக்கு ரொம்ப நன்றி. சிஸ்டம் புரோகிராமர்கிட்ட விசாரிச்சேன். அந்தச் சர்வர் டேட்டாபேஸுக்காக இசட்/ஓஎஸ் எல்பாரோட அதே எஃப்4 வழியாத்தான் பேசுது. மாத்தியிருந்தா பெரிய விபரீதம் ஆகியிருக்கும். நினைச்சாலே நடுங்குது.

ஐபி நெய்பர்ல ஃபெயில்ட்னுதான் இருந்துச்சு. மறுபடி லோட் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஷெல்லுலயே மாத்திப் பார்க்கலாம்னு லேயர்2 ஃபைல்ல 0 எழுதினேன், எழுத விடலை. ஆன்லைன்ல இருக்கும்போது மாத்த முடியாதுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. ஆன்லைன்ல 0 எழுதி, லேயர்2-ல 0 எழுதி, திரும்ப ஆன்லைன்ல 1 எழுதி, ஐபி போட்டேன். முதல் பிங்கிலேயே பதில் வந்துச்சு!

ஆனா சந்தோஷம் ரெண்டு நிமிஷம்தான். கர்ல் வெச்சு நிறுவல் கோப்பை எடுத்தா "நோ ரூட் டு ஹோஸ்ட்"னு வருது. பிங் போகுது, ரூட் இல்லைங்குது. ரூட் டேபிள் சரியாத்தான் இருக்கு. இதை எப்படி எடுத்துக்கிறது?

#9 கெத்லினக்ஸ்

இப்போதுதான் ஃபயர்வாலின் முறை. அன்று நிறுத்திப் பார்த்தபோது லேயர் தடை இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை.

சர்வரில் ஃபயர்வால்டி ஓடினால், அனுமதி இல்லாத போர்ட்டுக்கு வரும் இணைப்பைச் சத்தமில்லாமல் விழுங்காது. "தடைசெய்யப்பட்டது" என்று ஐசிஎம்பி பதில் அனுப்பும். அதை வாங்கிக்கொள்ளும் உங்கள் கெர்னல் கர்லுக்கு "நோ ரூட் டு ஹோஸ்ட்" என்று சொல்கிறது. வாசகத்தைப் படித்துவிட்டு எல்லோரும் ரூட் டேபிளைத் தேடி ஓடுகிறார்கள். பிங் போய், கர்ல் மட்டும் காத்திருக்காமல் உடனே இந்தச் செய்தியைத் தந்தால் முதலில் ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள். நிமிடக்கணக்கில் தொங்கி நின்றால் அது வேறு.

உங்கள் சர்வரில் ஓஎஸ்ஏ இன்டர்ஃபேஸ் ஒரு ஸோனிலும் (ஃபயர்வால் விதிகளின் தொகுப்பு) ஹைப்பர்சாக்கெட்ஸ் இன்டர்ஃபேஸ் வேறு ஸோனிலும் இருக்கும். ஹெச்டிடிபி அனுமதி முதலாவதில் மட்டும் இருக்கும். பாருங்கள்.

#10 இரண்டுமெஷின்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். "நிமிடக்கணக்கில் தொங்கி நின்றால் அது வேறு" என்றீர்கள். எங்களுக்கு அந்த வேறுதான் நடக்கிறது, ஒரு வாரமாகப் போராடுகிறோம்.

எங்களுடையது ஓஎஸ்ஏ வழி. நிறுவல் சர்வர் முதல் மெஷினில் ஓர் எல்பார். புதிய எல்பார் இரண்டாவது மெஷினில். பிங் போகிறது. டைரக்டரிப் பட்டியல் சின்னதாக இருந்தால் வருகிறது. பெரிய கோப்பை எடுக்கத் தொடங்கினால் பூஜ்யம் சதவீதத்தில் உறைந்துவிடுகிறது. அதே கோப்பை, சர்வர் இருக்கும் முதல் மெஷினிலேயே இன்னோர் எல்பாரிலிருந்து எடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடுகிறது. அதனால் இரண்டாவது மெஷினின் கார்டு பழுது என்று முடிவு செய்து மாற்றச் சொல்லப்போகிறோம்.

#11 சேனல்பக்கம்

கார்டை மாற்ற வேண்டாம், சற்றுப் பொறுங்கள். எல்லா இடத்திலும் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 8992 வைத்திருக்கிறீர்களா? முதல் மெஷினில் வேகமாக எடுத்த அந்த எல்பாரும் சர்வரும் ஒரே ஓஎஸ்ஏ போர்ட்டைப் பகிர்கின்றனவா?

இரண்டுக்கும் ஆம் என்றால் நடப்பது இதுதான். ஒரே ஓஎஸ்ஏ போர்ட்டைப் பகிரும் எல்பார்கள் தங்களுக்குள் பேசும்போது பாக்கெட் ஸ்விட்சுக்குப் போவதே இல்லை. கார்டு உள்ளுக்குள்ளேயே திருப்பிவிடும். எனவே அந்த வெற்றிகரமான சோதனை உங்கள் ஸ்விட்சைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது மெஷினுக்குப் போகும்போதுதான் ஸ்விட்ச் வழியில் வருகிறது. அங்கே ஜம்போ ஃபிரேம் (வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரியது) அனுமதி இல்லாத ஒரு போர்ட் இருந்தால் பெரிய ஃபிரேமைக் கீழே போட்டுவிடும், யாரிடமும் சொல்லாது. லேயர் 2 ஸ்விட்ச் "பெரிதாக இருக்கிறது, உடைத்து அனுப்பு" என்று திரும்பச் சொல்வதில்லை. டிசிபி கை குலுக்கும்போது இரண்டு முனைகளும் 8992 தாங்கும் என்று ஒப்புக்கொண்டுவிட்டன. நடுவில் இருப்பவரைக் கேட்க ஆளில்லை.

பிங்கைத் துண்டாக்கத் தடை போட்டு அளவு மாற்றி அனுப்புங்கள். ஐபி தலைப்பு 20 பைட், ஐசிஎம்பி தலைப்பு 8 பைட், ஆக 28 கழிக்க வேண்டும். 1500-க்கு 1472, 8992-க்கு 8964. முதலாவது போய் இரண்டாவது போகாவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

நிறுவலை இன்றே முடிக்க வேண்டுமென்றால் புது எல்பாரில் மட்டும் எம்டியு 1500 வையுங்கள். பார்ம் ஃபைலில் ஐபி வரியின் கடைசியில் அதைச் சேர்க்கலாம். சர்வரைத் தொட வேண்டாம். இணைப்புத் தொடங்கும்போதே "எனக்கு 1460 பைட்டுக்கு மேல் அனுப்பாதே" என்று புது எல்பார் சொல்லிவிடும், டிசிபி அதை மதிக்கும்.

#12 இரண்டுமெஷின்

1472 போனது. 8964 போகவில்லை. எம்டியு 1500 ஆக்கியதும் கோப்பு முழுதாக இறங்கியது. கார்டு மாற்றும் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டோம். நெட்வொர்க் குழுவினர் தேடிப் பார்த்தபோது இரு ஸ்விட்சுகளுக்கு நடுவே உள்ள இணைப்பில் ஜம்போ அமைக்கப்படவில்லை. ஒரே கார்டுக்குள் பாக்கெட் வெளியே போகாமல் திரும்பும் என்பது எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. மிக்க நன்றி.

#13 பார்ம்ஃபைல்

அந்த உள்ளே திருப்பிவிடுற வழக்கத்துக்கு நேர் எதிரான ஒண்ணும் எங்களுக்கு நடந்திருக்கு. ஒரே ஓஎஸ்ஏ போர்ட். கேட்வே பிங் ஆகுது, வெளியுலகம் பிங் ஆகுது, பக்கத்து எல்பார் மட்டும் ஆகலை. ரெண்டு நாள் ஆர்ப், மாஸ்க்குன்னு அலைஞ்சோம். கடைசியில் எல்எஸ்கெத் வரிசையின் அடியில் ஐசொலேஷன்னு ஒரு வரி, அதில் டிராப்னு இருந்தது. பாதுகாப்புத் தணிக்கைக்காகச் சர்வர் பக்கம் யாரோ போட்டது. அது இருந்தா அதே கார்டைப் பகிர்ற எல்பார்களுக்கு நடுவே நேரடிப் போக்குவரத்தைக் கார்டே தடுத்துடும். ஒரு பக்கம் மட்டும் போட்டிருந்தாலே போதும். இசட்/ஓஎஸ்-ஸிலும் இன்டர்ஃபேஸ் வரியில் ஐசொலேட் போட்டா இதே விளைவு.

தணிக்கைக்காகப் போட்டதை நாமா எடுக்கக் கூடாது, போட்டவங்ககிட்ட பேசணும். ஃபார்வர்டுன்னு இன்னொரு மதிப்பு இருக்கு, அதில் பாக்கெட் ஸ்விட்ச் வரை போய்த் திரும்பி வரும். ஆனா வந்த போர்ட்டிலேயே திருப்பி அனுப்ப ஸ்விட்ச் சம்மதிக்கணும். நாங்க அந்த ஒரு எல்பாருக்கு ஹைப்பர்சாக்கெட்ஸ் வாங்கிக்கிட்டோம்.

#14 புதுஎல்பார்

ஃபயர்வால் ஸோன்தான் காரணம். ஹைப்பர்சாக்கெட்ஸ் இன்டர்ஃபேஸ் இருந்த ஸோன்ல ஹெச்டிடிபி சேர்த்ததும் நிறுவல் ஓடி முடிஞ்சுது. ஆனா ரீபூட் ஆனதும் மறுபடி நெட்வொர்க் போச்சு. திரும்ப அதே "ஹோஸ்ட் அன்ரீச்சபிள்".

#15 கெத்லினக்ஸ்

நீங்கள் ஷெல்லில் கையால் மாற்றினீர்கள், பார்ம் ஃபைலில் லேயர்2=1 அப்படியே இருக்கிறது, சரியா? இன்ஸ்டாலர் நிரந்தர அமைப்பை எழுதும்போது பார்ம் ஃபைல் வரியைத்தான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் சிஸ் டைரக்டரியில் எழுதியது அந்த ஓட்டத்தோடு போய்விட்டது. மறுபடி நிறுவத் தேவையில்லை. கன்சோலில் உள்ளே போய் டிவைஸின் நிரந்தர அமைப்பில் லேயர்2-ஐ 0 ஆக்கி, பூட் வரியிலும் அதே டிவைஸ் இருக்கிறதா என்று பார்த்துத் திருத்துங்கள். இரண்டு இடமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

#16 புதுஎல்பார்

ரெண்டு இடத்துலயும் 1-னுதான் இருந்துச்சு. மாத்தி ரீபூட் பண்ணேன், வந்துடுச்சு. இன்னொரு தடவை வேணும்னே ரீபூட் பண்ணியும் பார்த்துட்டேன், நிக்குது. எம்டியு 8192-ன்னு தானா வந்திருக்கு, 8164 அளவு பிங்கும் போகுது.

அடுத்த வாரம் இதே எஃப்4-ல இன்னொரு எல்பார் வருது. பார்ம் ஃபைல்ல ஹைப்பர்சாக்கெட்ஸுக்குன்னு தனியா ஒரு மாதிரி எழுதி வெச்சுட்டேன், ஓஎஸ்ஏ வரியை நகல் எடுக்க மாட்டோம். டிவைஸ் எண் பட்டியல்ல சிப்பிட், லேயர்னு ரெண்டு பத்தி புதுசா சேர்க்கச் சொன்னேன், சிஸ்டம் புரோகிராமரும் ஒத்துக்கிட்டார்.